தூங்காத கண்ணும் துள்ளும் மான்களும்

அடையாற்றில் குடியிருப்பவர்களிடம், "உங்கள் பேட்டையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் பிரம்மஞான சபையின் ஆலமரத்தைச் சொல்வார்கள். வாலிபர்கள் எலியட்ஸ் கடற்கரையைச் சொல்வார்கள். ஆறு வயதுக் குழந்தையைக் கேட்டாலோ, யோசிக்காமல் "மான்!" என்று பதில் வரும்.

குழந்தை சொல்வதுதான் சரி. மிருகக்காட்சி சாலை இல்லாத பெரிய பட்டணம் உலகத்தில் அபூர்வம். அங்கெல்லாம் மான் கம்பிக்குப் பின்னால் நிற்கும். பஸ் போகும் ரஸ்தாவுக்கு அடுத்தாற்போல், கூண்டு இல்லாத காட்டில், தன் இஷ்டப்படி மேய்ந்து, தன் இஷ்டப்படி குட்டி போட்டு வளர்க்கும் மான் கூட்டம் எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது? நமக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் அந்த மான்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அழகாக இருக்கும், துள்ளும், சாது! அதோடு சரி.

அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒரு வேடிக்கையான கருவி வந்திருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் காட்டை ஒரு முறை பார்த்துவிடலாம், வாருங்கள்.

கவர்னர் துரையின் காடு

அடையாறு சிக்னலிலிருந்து மேற்கே சர்தார் படேல் ரோட்டில் போவோம். மத்திய கைலாசத்தில் பாதி பிள்ளையாராகவும் பாதி அனுமாராகவும் இருக்கும் ஆதியந்தப் பிரபுவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தால், வலது கைப்பக்கம் தோல் ஆராய்ச்சி நிலையம். இடது கைப்பக்கம் ஐ.ஐ.டி. இன்னும் போனால் காந்தி மண்டபம், சிறுவர் பூங்கா, கடைசியில் கவர்னர் மாளிகை. இடது பக்கத்தில் நீங்கள் கடந்து வந்தது முழுவதும் ஒரு காலத்தில் ஒரே காடு!

1821-ஆம் வருஷம் சென்னை சர்க்கார் கிண்டியில் இருந்த மாளிகையை விலைக்கு வாங்கியது. பட்டணத்துப் புழுக்கம் தாங்காத கவர்னர் துரைமார்கள் வந்து இளைப்பாறுவதற்காக வாங்கிய இடம் அது. மாளிகையைச் சுற்றிக் காடு. 1910-ல் அந்தக் காட்டைப் 'பாதுகாக்கப்பட்ட காடு' என்று அறிவித்தார்கள். அப்போது அதன் விஸ்தீரணம் ஏறக்குறைய 505 ஹெக்டேர்.

நாடு சுதந்திரம் அடைந்தது. துரைமார்கள் போனார்கள். கல்விக்கும் ஞாபகச் சின்னங்களுக்கும் இடம் வேண்டாமா? 1956-ல் காந்தி மண்டபம் எழுந்தது. 1959-ல் ஐ.ஐ.டி. பிறந்தது. இப்படி ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் காட்டிலிருந்து ஒரு துண்டு போயிற்று. பொங்கல் கரும்பைக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்? 1978-ல் மிஞ்சியதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இது ஒன்று. நகரத்துக்குள்ளேயே தேசியப் பூங்கா இருப்பதும் அபூர்வம்.

மனிதர்கள் பாகப் பிரிவினை செய்து மதில் எழுப்பிக்கொண்டார்கள். மான்களிடம் யார் பத்திரத்தைக் காட்டினார்கள்? அவற்றுக்கு இன்னும் எல்லாம் ஒரே காடுதான். ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் சைக்கிளில் வகுப்புக்குப் பறக்கும் பாதையின் ஓரத்திலேயே மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். கணிதப் பரீட்சையைப் பற்றி அவை கவலைப்படுவதில்லை.

இரண்டு குடும்பங்கள்

இங்கே மான் என்றால் இரண்டு குடும்பம். ஒன்று புள்ளிமான். சிவந்த உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். கிடாவுக்கு மட்டும் கிளை விட்ட கொம்பு. வருஷா வருஷம் அந்தக் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். புதுக் கொம்பின் மேல் வெல்வெட் துணி போர்த்தியதுபோல் ஒரு தோல் இருக்கும். கொம்பு முற்றியதும் மரத்தில் உராய்ந்து அதைக் களைந்துவிடும்.

மற்றொன்று வெளிமான். திருகுமான் என்றும் சொல்வார்கள். இதன் கொம்பு திருகு திருகாக உயரும், உதிர்வதே இல்லை. வயது வந்த கிடாவின் முதுகு கறுத்து, வயிறு வெளுத்திருக்கும். கோட்டு அணிந்த பழைய காலத்து பாரிஸ்டர் மாதிரி நிமிர்ந்து நிற்கும்! பெட்டைக்குப் பழுப்பு நிறம்; கொம்பு கிடையாது.

புள்ளிமானுக்கு மர நிழலும் வேண்டும், புல்லும் வேண்டும். வெளிமானுக்குத் திறந்த வெளி வேண்டும். தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் கண்டு, காலால் ஓடித் தப்புகிற ஜாதி அது. கிண்டியில் போலோ மைதானம் என்று வழங்கும் புல்வெளிதான் அதன் முக்கியமான இருப்பிடம். காடு குறைந்தால் புள்ளிமானுக்குக் கஷ்டம். புல்வெளியில் புதர் மண்டினாலோ வெளிமானுக்குக் கஷ்டம். 'மரம் நடுவோம்' என்று நல்ல எண்ணத்தோடு எல்லா இடத்திலும் மரம் நட்டால்கூட அதற்கு ஆகாது என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

மரத்தில் கட்டிய கண்

இனி அந்தக் கருவிக்கு வருவோம். தானியங்கி காமிரா என்று பெயர். பார்த்தால் சாப்பாட்டு டப்பாதான். மரத்தில் முழங்கால் உயரத்தில் வாரினால் இறுக்கிக் கட்டிவிட்டு ஆள் வந்துவிடுவார். பாட்டரியின் தயவில் அது வாரக்கணக்காகக் கண் விழித்திருக்கும்.

பக்கத்தில் ஆள் இல்லாமல் எப்படிப் படம் பிடிக்கிறது? மானின் உடம்பில் சூடு இருக்கிறது அல்லவா? சூடுள்ள ஒரு பிராணி அசைந்து போனால் அந்த வித்தியாசத்தை உணர்ந்துகொள்ளும் ஓர் உறுப்பு காமிராவில் இருக்கிறது. உணர்ந்த மறு கணமே 'க்ளிக்'! இரவில் அகச்சிவப்பு ஒளியை வீசிப் படம் எடுக்கும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. மானையும் அநேகமாக மிரட்டாது. படத்தின் அடியில் தேதியும் மணியும் பதிந்துவிடும். வெயிலில் ஆடும் கோரைப் புல்லைக் கண்டு ஏமாந்துபோய் நூறு படம் எடுத்து வைப்பதும் உண்டு. ஆகையால் காமிரா கட்டுகிறவர் முதலில் எதிரே உள்ள புல்லைக் களைய வேண்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக அதன் கண்ணில் விழாமல் கட்டுவதும் முக்கியம்.

இந்த வித்தைக்கு மூலபுருஷரும் ஒரு மான் பைத்தியந்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்று ஒருவர். பார்லிமெண்டு மெம்பராகக்கூட இருந்தவர். துப்பாக்கி தூக்கி வேட்டையாடிய மனிதர், அதைக் கீழே வைத்துவிட்டுக் காமிராவை எடுத்தார். காட்டில் கயிறு கட்டி, மிருகம் அதை இழுத்ததும் வெளிச்சம் பளிச்சிட்டுப் படம் விழும்படி ஏற்பாடு செய்தார். 1906 ஜூலையில் அவருடைய படங்கள் 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகையில் வெளிவந்து ஜனங்களைப் பிரமிக்க வைத்தன. அவர் மனத்தைக் கவர்ந்தது வெண்வால் மான். ஆபத்து என்றால் வாலை உயர்த்தி, அடிப்பக்கத்து வெள்ளையைக் கொடிபோல் காட்டிக்கொண்டு ஓடுவது அதன் வழக்கம். நம் புள்ளிமானும் வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. தூரத்து உறவு விட்டுப் போகுமா?

நம் நாட்டில் 1920-களில் சாம்பியன் என்ற காட்டிலாகா அதிகாரி, இதேபோல் கயிறு கட்டி இரவில் புலிகளைப் படம் பிடித்தார். இன்று அந்த வித்தை எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? 2018-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல்! அது கின்னஸ் புத்தகத்திலும் இடம் பெற்றது.

காமிரா இல்லாவிட்டால் மானை அறிய முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், பொறுமை இருந்தால். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், அப்படிப்பட்ட பொறுமைசாலி. 1950 முதல் 1996-ல் காலமாகும் வரையில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் விடாமல் இயற்கையைப் பற்றி எழுதினார். தாமே இணைத்து அமைத்துக்கொண்ட காமிராவோடு காட்டில் காத்திருந்து கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். அவரைப்போல் காத்திருக்க நமக்கு நேரம் ஏது? நமக்குப் பதில் காத்திருக்கத்தான் இந்தப் பெட்டி.

யாரும் இல்லாத வேளையில்...

கோடையில் ஒரு குளக்கரையில் இதைக் கட்டி வைத்தால் படங்கள் கதை சொல்லும். கிண்டிக் காட்டில் காத்தான் கொல்லைக் குளம் போன்ற நீர்நிலைகள் இருக்கின்றன. தண்ணீருக்கு வரும் மான் உடனே குனிந்து குடித்துவிடாது. ஒரு பெட்டை முன்னால் வந்து நின்று காதை நாலா பக்கமும் திருப்பும். அது குனிந்த பிறகுதான் மற்றவை வரும். அப்போதும் ஏதாவது ஒன்று தலையை நிமிர்த்தியபடி காவல் நிற்கும். நம் வீட்டுப் பந்தியில் எல்லோரும் சாப்பிடும் வரையில் நின்றுகொண்டிருக்கும் அம்மாள் நினைவுக்கு வரவில்லையா?

மானுக்குப் பிறகு முயல் வரும், கீரி வரும். இரவு ஏறினால் மரநாய் வரும், நரியும் வரும். ஆமாம், சென்னைப் பட்டணத்தின் நடுவில் நரி!

ஒரே இடத்தில் மாதக்கணக்காகக் காமிரா இருந்தால் இன்னொரு வேடிக்கை. கொம்பு உதிர்ந்து மொட்டைத் தலையோடு வெட்கப்பட்டுக்கொண்டு போன கிடா, சில மாதம் கழித்து முழுக் கொம்போடு ராஜநடை போட்டுத் திரும்பும். அதே கிடாதான் என்று எப்படித் தெரியும்? உடம்பிலுள்ள புள்ளிகளின் வரிசை மானுக்கு மான் வேறு. நம் கைரேகை மாதிரி.

எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. மான் குட்டி பிறந்ததும் தாயின் பின்னால் ஓடாது. முதல் சில நாட்கள் புதரடியில் அசையாமல் படுத்திருக்கும். தாய் அதை விட்டுவிட்டுத் தூரத்தில் போய் மேயும். 'இதென்ன கல் நெஞ்சு!' என்று தோன்றும். உண்மையில் அது தாயின் சாமர்த்தியம். தாய் பக்கத்திலேயே நின்றால் நாயும் நரியும் குட்டி இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளும். ஆள் நடமாட்டம் அடங்கியதும் தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். பகலில் அந்த வழியாகப் போகிறவர், 'ஐயோ பாவம், அநாதைக் குட்டி!' என்று அதைத் தூக்கி வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தாய் வந்து வெறும் புதரைத்தான் முகர்ந்து பார்க்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தாயைக் காமிரா பார்த்துவிடுகிறது.

அன்பே வினையானால்

இந்த மான்களைப் பிடித்துத் தின்னப் புலியும் கிடையாது, சிறுத்தையும் கிடையாது. அப்படியானால் பயமில்லாமல் வாழ வேண்டியதுதானே? அதுதான் இல்லை. தெரு நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து துரத்துகின்றன. வாகனங்கள் மோதுகின்றன. இறந்துபோன மான்களின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே பிளாஸ்டிக் பைகள் இருந்திருக்கின்றன. அந்தப் பை எங்கிருந்து வந்தது? சாப்பாடு கட்டிக்கொண்டு போனவர் கையிலிருந்து. உப்பும் உணவு வாசனையும் ஒட்டிய பையை மான் மெல்லாமல் என்ன செய்யும்? அது வயிற்றில் ஜீரணமும் ஆகாது, வெளியிலும் வராது. பை அடைத்த வயிற்றோடு மான் பட்டினி கிடந்து சாகிறது.

பையைப் போடுகிறவராவது அஜாக்கிரதைக்காரர். ஆசையாகப் பிஸ்கட்டும் ரொட்டியும் சாதமும் நீட்டுகிறாரே, அவர் நல்லவர். ஆனால் மான் அசை போடும் பிராணி. அதன் வயிறு இலைக்கும் புல்லுக்கும் ஏற்பட்டது. மாவும் சாதமும் அதிகமாகப் போனால் உள்ளே புளித்து மானைப் படுக்கையில் தள்ளிவிடும். மனிதர் கைக்குப் பழகிவிட்ட மான் ரஸ்தாவுக்கு வரவும் பயப்படாது. அடுத்தாற்போல் வருவது பஸ்!

அதனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு சிறுவர் பூங்காவுக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். காலையிலேயே போங்கள். கொண்டுபோன பையைக் கொண்டுபோனபடியே திருப்பிக்கொண்டு வாருங்கள். குழந்தை, "மானுக்கு என்ன அம்மா கொடுக்கலாம்?" என்று கேட்டால், "ஒன்றும் கொடுக்காமல் இருப்பதைக் கொடுக்கலாம்" என்று சொல்லுங்கள். தேசியப் பூங்காவின் உட்காட்டுக்குள் போகக் காட்டிலாகாவின் அனுமதி வேண்டும். காமிரா கட்டுவதற்கும் அப்படியே. நமக்கு வேலி ஓரமே போதும்.

அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பாருங்கள். குழந்தையையும் மௌனமாக நிற்கச் சொல்லுங்கள். (இதுதான் மூன்றிலும் கஷ்டமான காரியம்!) மரத்தில் கட்டிய பெட்டி செய்வதெல்லாம் அவ்வளவுதான். அது கூப்பிடுவதில்லை, கை தட்டுவதில்லை, தீனி போடுவதில்லை. சும்மா பார்க்கிறது. அதனால்தான் மான் தன் குடும்ப ரகசியத்தையெல்லாம் அதனிடம் சொல்லிவிடுகிறது. நாமும் கால் மணி நேரம் சும்மா பார்த்தால் நமக்கும் ஒன்றிரண்டு சொல்லாமலா போய்விடும்?