விரல் நுனியில் ஸ்பெல்லிங்

‘வைஃப்’ என்று எழுதச் சொன்னால் பையன் ‘ரெடி’ என்று எழுதி வைத்திருந்தான். தாளைத் தடவிப் பார்த்த ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். “டேய், கல்யாணத்துக்கு அவ்வளவு அவசரமாடா?” என்று அவர் கேட்டதும் வகுப்பே சிரித்தது, எழுதியவனும் சேர்ந்து சிரித்தான். அவன் வேண்டுமென்று அப்படி எழுதவில்லை. பிரெய்லியைப் புதிதாகக் கற்கும் எவருக்கும் கை இப்படித்தான் தடுமாறும்.

பிரெய்லியில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகளுக்கான இடம் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று, வலப்பக்கம் மூன்று. சிலேட் என்கிற சட்டத்தில் தாளைச் செருகி, ஸ்டைலஸ் என்கிற ஊசியால் குத்தினால் புள்ளி தாளின் மறுபக்கத்தில் மேடாக எழும்பும். படிக்கும்போது தாளைத் திருப்ப வேண்டும். ஆகவே எழுதுவது வலமிருந்து இடமாக, படிப்பது இடமிருந்து வலமாக. ஒவ்வொரு எழுத்தையும் மனதுக்குள் இடவலம் மாற்றியே குத்த வேண்டும். மாற்ற மறந்தால் ‘டபிள்யூ’ ‘ஆர்’ ஆகிவிடும், ‘எஃப்’ ‘டி’ ஆகிவிடும், ‘ஐ’யும் ‘ஈ’யும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து நிற்கும். ‘வைஃப்’ என்ற சொல்லின் நான்கு எழுத்துகளுமே இந்த வகை. ஒன்று விடாமல் கவிழ்ந்து ஆர், ஈ, டி, ஐ என்று வரிசையாக நின்றுவிட்டன. அந்தப் பையன் ஏழாம் வகுப்பு வரை கண் தெரிந்தவன், பேனா பிடித்துப் பழகியவன். ஒன்பதாம் வகுப்பில் அவனுக்கு ஆங்கிலப் பாடமும் புதிய எழுத்தும் ஒரே நேரத்தில் தலையில் இறங்கியிருக்கின்றன.

சென்னைப் பக்கம் பார்வையற்றோர் கல்வி என்றாலே பூந்தமல்லி என்ற பெயர் வந்துவிடும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நடத்தும் அரசு மேல்நிலைப் பள்ளி, டிரங்க் ரோட்டில் இருக்கும் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம், பிரெய்லி புத்தகம் அச்சிடும் அச்சகம் எல்லாம் இந்த ஊரில் இருக்கின்றன. நாட்டில் இப்படிப்பட்ட முதல் பள்ளியை ஆனி ஷார்ப் 1887இல் அமிர்தசரஸில் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார். இந்த வேலையில் தமிழ்நாட்டுக்கு நூறு ஆண்டுகளைத் தாண்டிய அனுபவம் உண்டு.

நான் சந்தித்த ஆசிரியர் இந்த வட்டாரத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறார். அவருக்கும் பார்வை இல்லை. தன் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்றார். பிள்ளைகளுக்கு அவர் வெறும் ‘சார்’.

ஸ்பெல்லிங்தான் அவருடைய தீராத தலைவலி. பார்வையுள்ள பிள்ளைக்கு ஆங்கில ஸ்பெல்லிங்கில் பாதி தெருவிலேயே கிடைத்துவிடுகிறது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கு நடந்தால் போதும். பேக்கரி, மொபைல் சர்வீஸ், டென்டல் கிளினிக், மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புப் பலகை என்று வழியெல்லாம் ஆங்கிலம் எழுதியே கிடக்கிறது. யாரும் சொல்லித் தராமலே ‘நைஃப்’ முன்னால் ஒரு ‘கே’ நிற்பது கண்ணில் படிந்துவிடும். பார்வையற்ற பிள்ளைக்கு இந்த இலவசப் பாடம் கிடையாது. யாராவது அச்சிட்டு அல்லது குத்தி அவன் விரலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்தால்தான் அந்த எழுத்து அவனுக்கு உண்டு. காதால் மட்டும் கேட்டவன் ‘என்’னில்தான் தொடங்குவான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

பிரெய்லியிலேயே படித்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கில பிரெய்லியில் கிரேடு ஒன், கிரேடு டூ என்று இரண்டு வகை. கிரேடு ஒன்னில் ஒவ்வொரு எழுத்தும் முழுதாக வரும். கிரேடு டூ இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் சுருக்கெழுத்து. அதில் ‘பி’ (B) மட்டும் தனியாக நின்றால் ‘பட்’. ‘சி’ என்றால் ‘கேன்’, ‘எக்ஸ்’ என்றால் ‘இட்’, ‘கே’ என்றால் ‘நாலெட்ஜ்’. புத்தகங்கள் பெரும்பாலும் கிரேடு டூவில்தான் வருகின்றன. பிள்ளைகள் கடகடவென்று வாசித்தும் விடுகிறார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சாதாரணக் கீபோர்டில் தட்டும்போதுதான் விஷயம் வெளியே வரும். வாசிக்கும்போது நூறு முறை கடந்துபோன ‘நாலெட்ஜ்’, எழுதும்போது ஒற்றைக் ‘கே’யாக வந்து நிற்கிறது. சார் விடுவதில்லை. வாரத்தில் ஒரு வகுப்பு முழுக்கச் சுருக்கத்தை உடைத்து எழுதும் பயிற்சிதான். தாள் தாளாகத் தடவித் திருத்துகிறார். தப்பான எழுத்தின் மேல் பையனின் விரலை வைத்து, “இங்க என்ன இருக்கு, சொல்லு” என்கிறார்.

இந்தச் சுருக்கங்களும் நிலையாக இருந்ததில்லை. ஆங்கிலம் பேசும் நாடுகள் தங்களுக்குள் வேறுபட்டிருந்த முறைகளை ஒன்றாக்கியபோது ஒன்பது சுருக்கங்களைக் கைவிட்டன. அமெரிக்கா அந்தப் புதிய முறைக்கு மாறிய நாள் 2016 ஜனவரி 4, லூயி பிரெய்லின் பிறந்தநாள். அலமாரியில் உள்ள பழைய கதைப் புத்தகத்தில் ஒரு மாதிரி, புதிதாக அச்சான தாளில் வேறு மாதிரி. இரண்டையும் பிள்ளைகள் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் வகுப்பு முடிந்த கையோடு ஆங்கில வகுப்பு இருந்தால் இன்னும் வேடிக்கை. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த பாரதி பிரெய்லியில், ஒலி ஒத்த எழுத்துகளுக்கு ஆங்கிலத்தின் புள்ளிகளையே கொடுத்தார்கள். ‘ப’ என்பதும் ‘பி’ (P) என்பதும் ஒரே புள்ளிகள், ‘ம’வும் ‘எம்’மும் ஒரே புள்ளிகள். நல்ல ஏற்பாடு, ஒரு மொழியைப் படித்தால் மற்ற மொழிக்குக் கை தயாராகிவிடும். ஆனால் தமிழ் நினைப்பிலேயே இருக்கும் விரல் ஆங்கிலப் பக்கத்தில் தனியாக நிற்கும் ‘எம்’மை ‘மோர்’ என்று படிக்காமல் ‘ம’ என்று படித்துவிட்டு முழிக்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சிரிப்பை ஆசிரியரும் தடுப்பதில்லை.

பத்தாம் வகுப்பில் இப்போதுள்ள ஆங்கிலப் புத்தகம் 2019இல் வந்தது. முதல் பாடம் பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சின் கதை. பாறை விளிம்பில் அது நிற்கிறது என்றால் விளிம்பு எப்படி இருக்கும்? சார் பிள்ளைகளை வராந்தாவின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், கைத்தடியின் நுனி வெற்றிடத்தில் இறங்கும் இடத்தில் நிறுத்துகிறார். அந்தப் பயத்தைச் சொல்ல அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடற்படைப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் 2017–18இல் ‘தாரிணி’ பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்தது இன்னொரு பாடம். படகின் நீளம் 55 அடி. அதை நடந்தே அளக்கச் சொன்னார். “இவ்ளோ சின்னதா சார்? இதுலயா எட்டு மாசம்?” என்று ஒரு மாணவன் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் நடக்கவிட்டேன் என்றார் ஆசிரியர்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம் ஜேம்ஸ் தர்பரின் பேய்க்கதை. நள்ளிரவில் கீழே சாப்பாட்டு மேசையைச் சுற்றி யாரோ நடக்கும் சத்தம். அதிலிருந்துதான் கதை கிளம்புகிறது. அம்மா பக்கத்து வீட்டு ஜன்னல்மேல் ஷூவை எறிகிறாள், போலீஸ் வருகிறது, மாடியில் தாத்தா துப்பாக்கியைத் தூக்குகிறார். பார்ப்பதைவிடக் கேட்பதற்கு அதிகம் உள்ள கதை. ஆசிரியர் செருப்பைத் தேய்த்தபடி மேசையைச் சுற்றி நடக்க, பையன்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆங்கிலத்தில் சொல் தேடினார்கள். கதவை ஓங்கிச் சாத்துவதற்கு ஒன்று, படியில் தடதடவென்று ஏறுவதற்கு ஒன்று. ஒரு சத்தத்துக்கு மட்டும் சொல் கிடைக்காமல் தமிழிலேயே ‘சரக் சரக்’ என்றான் ஒருவன். அதற்கும் ஆங்கிலத்தில் சொல் கண்டுபிடிக்கும்வரை வகுப்பு நகரவில்லை. இந்தக் கதையை எழுதிய தர்பர் சிறுவயதில் அண்ணன் எய்த அம்பு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். பிற்காலத்தில் மற்ற கண்ணும் மங்கிப்போக, அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். இதைக் கேட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து வந்த கேள்வி: “அப்போ அவருக்கும் ஸ்கிரைப் உண்டா சார்?”

ஸ்கிரைப் என்றதும் சிரிப்பு அடங்கி வகுப்பு பொதுத்தேர்வுக்குத் திரும்பிவிட்டது. 100 மதிப்பெண்ணுக்கு ஒரே ஆங்கிலத் தாள், தேர்ச்சிக்கு 35. பார்வையற்ற மாணவருக்கு ஸ்கிரைப், அதாவது ‘சொல்வதை எழுதுபவர்’ ஒருவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைக்கும். பதிலைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். ஒலி ஒன்றாகவும் ஸ்பெல்லிங் வேறாகவும் உள்ள ‘தேர்’ இரண்டு உண்டு. எது வேண்டும் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லத் தெரியாதவன் எழுதுபவரின் கையை நம்பித்தான் இருக்க வேண்டும். கமா எங்கே, பத்தி எங்கே மாறுகிறது என்பதையும் அவனே சொல்ல வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஒத்திகை தேவை. ஒத்திகைக்கு எதிரில் உட்கார்ந்து எழுத ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் ஆசிரியரின் பெரிய வருத்தம்.

வழிகாட்டும் வரைபடத்தைப் பார்த்து எழுதும் வினாவும் அந்தத் தாளில் வரும். தேர்வில் எப்படியோ, வகுப்பில் அதை சார் தன் வழியில் நடத்துகிறார். பஸ் ஸ்டாண்டில் இறங்கும் புதியவருக்கு வழி சொல்லுங்கள் என்றதும் ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: பஜ்ஜி வாசனை வரும் இடத்தில் இடப்பக்கம் திரும்பவும், வெல்டிங் சத்தம் கேட்டால் தாண்டிப் போய்விட்டீர்கள், திரும்பி வரவும். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. ஆங்கிலத்தைப் பயன்படுத்தி ஒரு வேலையைச் செய்யவிட்டால் மொழி தானாகப் படியும் என்று மொழிக்கல்வி அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகளில் சோதித்துக் காட்டினார். உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படும் சோதனை அது. அதன் உயிருள்ள வடிவத்தை நான் இந்த பஜ்ஜி வாசனையில்தான் பார்த்தேன்.

இவ்வளவு உழைப்புக்கும் எதிராக இப்போது ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. செல்போனே வாசித்துக் காட்டுகிறது, கம்ப்யூட்டரில் என்விடிஏ என்கிற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் பேசுகிறது, இனி பிரெய்லி எதற்கு என்கிறார்கள். பாடப்புத்தகம் பிரெய்லியில் வந்தால் தடித்த தாளில் பல தொகுதிகளாகப் பெருத்துவிடும், செலவு, சுமை, தாமதம் எல்லாம் உண்மை. ஆடியோ மிகப் பெரிய உதவி, அதையும் மறுக்க முடியாது. ஆனால் கேட்டு மட்டும் வளர்ந்த பிள்ளைக்கு ஸ்பெல்லிங் வராது, வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாது, தான் எழுதியதைத் தானே திருத்தவும் முடியாது. பார்வையுள்ள பிள்ளைக்கு ஒலிப்பதிவை மட்டும் கொடுத்து, எழுத்தே காட்டாமல் பத்தாம் வகுப்பு வரை நடத்தச் சம்மதிப்போமா? பிரெய்லி அந்தப் பிள்ளைகளின் எழுத்தறிவு. அதைச் செலவுக் கணக்கில் கழிக்கக் கூடாது.

பார்வையற்ற பிள்ளைகள் இன்று சிறப்புப் பள்ளிகளில் மட்டும் இல்லை. சாதாரணப் பள்ளிகளிலும் மற்றவர்களோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலப் புத்தகம் பிரெய்லியில் கைக்கு வந்ததா என்று தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். வராவிட்டால் பெற்றோர் கூட்டத்தில் மறுபடியும் கேளுங்கள். ஆங்கிலம் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, அருகிலுள்ள பார்வையற்றோர் பள்ளியிலோ விடுதியிலோ அனுமதி பெற்று, சொல்வதை எழுதும் ஒத்திகைக்கு எதிரில் போய் உட்காருங்கள்.