விடுகைப் பத்திரம்

ஒரு கல்லூரியின் யூபிலி மலருக்கு எழுத முற்படுவோர், அதன் தாபகரையும் அதிபர்களையும், அதன் மண்டபங்களையும் மைதானத்தையும், அங்குப் பயின்று புகழெய்திய மைந்தரையும் பற்றி எழுதுதல் மரபு. அம்மரபு நல்லதே, அதனை யான் குறைகூறேன். ஆயினும் எனக்கு இம்மலரிற் கிடைத்த சில பக்கங்களை வேறொரு கூட்டத்தாருக்கு ஒதுக்க விரும்புகிறேன். அவர்கள் நம் கல்லூரியிற் சேர்ந்து, சில ஆண்டு பயின்று, இடையிலே விடுகைப் பத்திரம் பெற்றுக்கொண்டு வேறு கல்லூரிக்குச் சென்றவர்கள்.

அவர்களை நினைக்கும்படி செய்தது ஒரு பெயர்ப்பட்டியல். யூபிலி விழாவுக்கு அழைக்கப்படவேண்டிய பழைய மாணவரின் பெயர்களைத் தொகுப்பதற்காக நாங்கள் சிலர் நூலகத்திற் கூடியிருந்தோம். உயர்தர வகுப்பை வேறிடத்திற் படித்தவர்களையும் சேர்ப்பதோ என்று ஒருவர் வினவினார். "இங்கே படித்து முடித்தவரன்றோ நம்மவர், இடையிற் போனவர் போனவரே" என்று மற்றொருவர் விடையிறுத்தார். வேறு சிலரும் தலையசைத்தனர். அப்பொழுது, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், "நான் இருக்கும் ஊர்ப் பிள்ளை ஒருவரின் கதையைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்" என்று தொடங்கினார். அன்று அவர் கூறியவற்றையும், பின்னர் யான் தேடிப் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று பெயரிட்டு வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. நீள்வட்டமான பந்தைக் கையால் எறிந்தும், ஏந்தி ஓடியும் ஆடுவது. நம் நாட்டில் ஆடப்படும் றகர் ஆட்டத்துக்கு ஓரளவு உறவானது. அணிக்குப் பதினொருவர். அவருள் குவாட்டர்பாக் எனப்படுபவரே தாக்குதலை நடத்துபவர். பந்து பெரும்பாலும் முதலில் அவர் கைக்கே வரும். அதனைத் தூர எறிவதோ, அயலில் நிற்பவரிடம் கொடுப்பதோ, தாமே கொண்டு ஓடுவதோ என்பதைக் கணப்பொழுதில் அவர் துணியவேண்டும். அவ்விடம் ஒருவருக்கே உரியது. ஒருவர் களத்தில் நின்றால், அவரை ஒத்த திறமையுடைய மற்றவர் கோட்டுக்கு வெளியே வாங்கில் அமர்ந்திருக்க வேண்டியதே. ஆகவே குவாட்டர்பாக் ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறுதல் அந்நாட்டிற் புதுமையன்று.

ஜேலன் ஹேர்ட்ஸ் என்பவர் 1998ஆம் ஆண்டு ஹூஸ்டனிற் பிறந்தவர். அயலிலுள்ள சனல்வியூ என்னும் ஊரின் பாடசாலையிலே தம் தந்தையாரையே பயிற்றுநராகக் கொண்டு ஆடியவர். 2016இல் அலபாமாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தின் மைதானம் ஏறத்தாழ ஓரிலட்சம் பேரைக் கொள்வது. பயிற்றுநர் நிக் சேபன், அவ்வாட்டத்திற் பெரும்பெயர் பெற்றவர். முதலாண்டு மாணவராயிருந்தும் ஹேர்ட்ஸ் அவ்வாண்டே குவாட்டர்பாக் ஆனார். ஈராண்டுகளில் அவர் தொடக்க வீரராக இறங்கிய 28 ஆட்டங்களில் 26இல் அலபாமா வென்றது.

இனி, 2018 ஜனவரி 8ஆந் திகதி. அத்லாந்தா நகரில் தேசிய வெற்றிக்கிண்ணத்துக்கான இறுதியாட்டம். எதிரணி ஜோர்ஜியா. இடைவேளையில் ஜோர்ஜியா 13, அலபாமா சுழி. இடைவேளை முடிந்து அணி மீண்டும் களமிறங்கியபோது ஹேர்ட்ஸ் வாங்கில் இருந்தார். அவரிடத்தில் துவா தாகோவைலோவா என்னும் முதலாண்டு மாணவர் நின்றார். அப்புதியவர், மேலதிக நேரத்தில், 41 யார் தூரம் எறிந்த பந்தை டெவோன்ரா சிமித் என்னும் மற்றொரு முதலாண்டு மாணவர் ஏந்தினார். அலபாமா 26க்கு 23 என வென்றது.

நாடு முழுவதும் பார்த்திருக்கத் தம் இடத்தை இழந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். ஆயினும் கோட்டோரத்தில் நின்று தம் தோழரின் வெற்றியைத் தம் வெற்றிபோலக் கொண்டாடியவர் அவர்.

அடுத்த ஆண்டு தாகோவைலோவாவே தொடக்க வீரரானார். ஹேர்ட்ஸ் உடனே வேறு கல்லூரிக்குச் செல்வார் என்று பலரும் எதிர்பார்த்தனர். அவர் செல்லவில்லை. பட்டப்படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்தார். 2018 டிசம்பர் 1ஆந் திகதி, அதே அத்லாந்தா மைதானத்தில், அதே ஜோர்ஜியாவை அலபாமா எதிர்த்தது. 21க்கு 28 எனப் பின்தங்கியிருந்த வேளையில் தாகோவைலோவா காயமுற்றார். ஹேர்ட்ஸ் அழைக்கப்பட்டார். ஓர் எறிவால் ஆட்டத்தைச் சமன்செய்து, பின்னர் 15 யார் தாமே பந்தோடு ஓடி, 35க்கு 28 என வென்றுகொடுத்தார். அம்மாதமே பட்டமும் பெற்றார்.

அதன்பின்னரே அவர் புறப்பட்டார். 2019 ஜனவரியில் அலபாமாவுக்கு நன்றி கூறிப் பகிரங்கமாக ஒரு மடல் வரைந்துவிட்டு, ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே அவருக்கு முன் அவ்விடத்தில் ஆடிய பேக்கர் மேபீல்ட், கைலர் மறே ஆகிய இருவரும் பிற கல்லூரிகளிலிருந்து வந்தவர்களே. பல்கலைக்கழக ஆட்டத்தின் தலைசிறந்த வீரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் விருதினை முறையே 2017இலும் 2018இலும் பெற்றவர்கள். 2019இல் அவ்விருது ஜோ பரோவுக்குக் கிடைத்தது. அவரும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, லூசியானாவுக்கு மாறியவர். அவ்வாண்டு விருதுக்குரிய வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றவர் ஹேர்ட்ஸ்.

இது நிற்க. இடமாற்றம் எல்லாம் நன்றென்பது என் கருத்தன்று. முன்னர், கல்லூரி மாறும் மாணவர் ஓராண்டு ஆடாதிருக்கவேண்டும் என்பது பொதுவிதி. பட்டம் பெற்றுச் செல்வோர்க்கு அதில் விலக்கு இருந்தது. 2021இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்று அவ்விதி தளர்ந்தது. படிப்பிற் குறைவில்லையேல் எத்தனை முறையும் மாறலாம் என 2024இல் மேலும் தளர்ந்தது. வீரர் தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருளீட்டவும் 2021 முதல் இடமுண்டு. இதனால் ஆண்டுக்கொரு கல்லூரி, கல்லூரிக்கொரு விலை என்று திரிவோரும் உளர். அவர்களுக்குக் கல்லூரி ஒரு வழிப்போக்கர் மடமே. பாடப்புத்தகத்தின் மணம் படுமுன்னரே பெட்டியைக் கட்டுவோரை எவ்வாசிரியன் பாராட்டுவான்?

ஆயினும் மாணவரை மட்டும் பழித்தல் நீதியாகுமோ? மாணவர் மாறினால் ஓராண்டு தண்டனை இருந்த காலத்திலும், பயிற்றுநர் நினைத்தவுடன் வேறிடஞ் செல்லத் தடையிருக்கவில்லை. ஹேர்ட்சை ஒக்லஹோமாவில் வரவேற்ற பயிற்றுநர் லிங்கன் றைலியே 2021 நவம்பரில் அதனை விட்டுத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பெரியவர் செல்வது முன்னேற்றம் எனப்படுகிறது. சிறியவர் செல்வது நன்றியீனம் எனப்படுகிறது.

ஹூஸ்டன் நண்பர் கூறிய கதை என் மனத்தைச் சுட்டது இவ்விடத்திலேதான். அதற்குரிய காரணத்தை மறையாது சொல்லுதல் என் கடன்.

2014ஆம் ஆண்டில் யான் நம் உதைபந்தாட்ட அணிக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தேன். ஆறாம் வகுப்பிற் சேர்ந்து பதினோராம் வகுப்பு முடிய நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் அணியின் உயிராக விளங்கினான். அடுத்த அணித்தலைவன் அவனே என்று யான் மனத்துட் குறித்து வைத்திருந்தேன். சாதாரண தரப் பெறுபேறு வந்தபின், தந்தையாரோடு வந்து விடுகைப் பத்திரம் வேண்டி நின்றான். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் நாட்டிற் புதிதாகத் தொடங்கப்பட்டது. நம் கல்லூரியில் அப்பொழுது அது இல்லை. அவனோ இயந்திரங்களில் ஆசை கொண்டவன். கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டால் அதனை இயக்குவதற்கு நாம் அவனையே தேடுவோம். அவன் செல்லவேண்டிய காரணம் இவ்வளவு தெளிவாயிருந்தும், என் கண்ணுக்கு அணியின் தோல்வியே தெரிந்தது. "சோறு போட்ட வீட்டை விட்டு அயல்வீட்டுக்குப் போகிறாய்" என்று தந்தையார் முன்னிலையிலேயே கூறினேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

மறுவருடம் அவன் சென்ற கல்லூரியோடு நம் மைதானத்தில் ஆட்டம் நடந்தது. வேற்று நிறச் சட்டையணிந்து நின்றவன், ஆட்டம் தொடங்குமுன் எனக்கு வணக்கஞ் சொல்ல என்னை நோக்கி வந்தான். யான் கோல் வலையில் ஏதோ பார்ப்பவன்போலத் திரும்பிக்கொண்டேன். அவன் சற்றுநேரம் நின்று, போய்விட்டான். அன்று நாம் வென்றோம். வீடு திரும்புகையில் அவ்வெற்றி எனக்கு இனிக்கவில்லை. ஆயினும் அவனைத் தேடிச்சென்று ஒரு சொற் சொல்லவும் என் மனம் இடந்தரவில்லை.

இத்தனைக்கும் யானும் மூன்று பாடசாலைகளில் இடமாற்றம் பெற்றவன். ஒவ்வொரு முறையும் மாலையிட்டு, பிரியாவிடை உபசாரம் நடத்தி, நிழற்படம் எடுத்தே என்னை அனுப்பினார்கள். என் போக்குக்கு மாலை; அவன் போக்குக்கு வசை. இம்முரண்பாட்டை உணர்வதற்கு எனக்குப் பத்தாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது.

நூலகக் கூட்டம் முடிந்த அன்று மாலையே, அவனோடு படித்த ஒருவரிடம் தொலைபேசி இலக்கம் பெற்று அவனை அழைத்தேன். விழாவுக்கு வரவேண்டும் என்றேன். "ஆறு வருசம் அங்கைதானே சேர் படிச்சனான். கூப்பிட மாட்டியள் எண்டு நினைச்சன்" என்றான். "அன்று நான் திரும்பி நின்றது பிழை, தம்பி" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு சிரித்துக்கொண்டு, "அதை விடுங்கோ சேர். வலை உண்மையாவே கிழிஞ்சுதான் இருந்தது" என்றான். மாணவன் ஆசிரியனுக்கு வழங்கிய மன்னிப்பு அது.

அடுத்த கூட்டத்தில், நம் கல்லூரியின் சேர்வு இடாப்பை எடுத்துவரச் சொன்னேன். விலகிய மாணவனின் பெயருக்கு எதிரே விலகிய திகதி எழுதப்பட்டிருக்கிறதேயன்றி, எப்பெயரும் வெட்டப்பட்டிருக்கவில்லை. நமக்கு முன் அவ்விடாப்பைப் பேணியவர்கள் நம்மினும் விரிந்த மனத்தினர் போலும். அதன்மேல் வேறு வாதம் எழவில்லை. இடையிற் சென்றோர் பெயர்களும் பட்டியலிற் சேர்ந்தன.

ஹேர்ட்சின் கதையிற் சிறிது எஞ்சியுள்ளது. 2020 ஜனவரியில், பல்கலைக்கழக ஆட்டக்காலம் முடிந்த சிறந்த வீரர்கள் கூடி ஆடும் ஆட்டமொன்று அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் நடந்தது. அங்கே ஹேர்ட்ஸ் அணிந்த தலைக்கவசத்தின் ஒருபாதியில் அலபாமாவின் அடையாளமும், மறுபாதியில் ஒக்லஹோமாவின் அடையாளமும் இருந்தன. அவ்வாண்டே பிலடெல்பியாவின் தொழில்முறை அணி அவரைத் தெரிந்துகொண்டது. 2023இல் பெருங்கிண்ண இறுதியாட்டத்திற் தோற்றார். அதே ஆண்டில் ஒக்லஹோமாவில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நியூ ஓர்லியன்சில் நடந்த இறுதியாட்டத்தில் அவர் அணி 40க்கு 22 என வென்றது, ஆட்டநாயகர் அவரே. அன்று அவர் எறிந்த 46 யார் எறிவை ஏந்தியவர் யாரெனின், அத்லாந்தாவில் அவர் வாங்கில் அமர்ந்திருந்த இரவில் மற்றவரின் பந்தை ஏந்திய அதே டெவோன்ரா சிமித். தோழரின் வெற்றியை அன்று மனமுவந்து கொண்டாடியவருக்கு, ஏழாண்டின் பின் அத்தோழரே துணையாக வாய்த்தார்.

இக்கல்லூரியை விட்டு இடையிற் செல்ல நேரும் மாணவருக்கு யான் சொல்லக்கூடியது சிறிதே. செல்லவேண்டிய காரணம் உளதாயின் செல்லுங்கள். இருக்கும்வரை உங்கள் கடமையை நிறைவாகச் செய்யுங்கள். செல்லும்போது நன்றி கூறிச் செல்லுங்கள். ஆசிரியராகிய நாமும் விடுகைப் பத்திரத்திற் கையொப்பம் இடும்போது, பேனாவைப் போலவே மனத்தையும் நேராகப் பிடித்துக்கொள்வோமாக.

விழா நாளன்று வாயிலில் வரவேற்க நிற்போருள் யானும் ஒருவன். ஒருவனைக் காண்பதற்காகவே அவ்விடத்தைக் கேட்டுப் பெற்றேன். இம்முறை திரும்பி நில்லேன்.

வாழ்க நம் கல்லூரி. வாழ்க அதன் மைந்தர், எங்குச் சென்றிருப்பினும்.