அடிக்கடியும் பெரும்பாலும்

ஆங்கிலத்தில் ‘ஆஃபன்’ என்றொரு சிறிய சொல் உண்டு. அதன் நடுவே ‘ட்’ ஒலியைச் சேர்த்து ‘ஆஃப்டன்’ என்பாரும் உளர். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ஆஃப்ட்’ என்றே வழங்கியது. பின்னர் அது நீண்டது. பேச்சில் ‘ட்’ ஒலி மறைந்து எழுத்தில் மட்டும் நின்றது. எழுத்தைப் பார்த்துப் படிப்போர் பெருகியபோது அவ்வொலி மீண்டும் பலருடைய நாவில் ஏறியது. இன்று அகராதிகள் இரண்டு ஒலிப்பையும் ஏற்கின்றன. ஆகவே, மாணவர்களே, ஒலிப்பைப் பற்றி நீங்கள் வழக்காட வேண்டியதில்லை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது அதன் பொருளை.

இச்சொல்லுக்குத் தமிழ் யாது என்று வகுப்பில் கேட்டால், ‘அடிக்கடி’ என்று எல்லாரும் ஒரே குரலில் விடை கூறுவீர்கள். அவ்விடை சரியே, ஆனால் அது பாதி விடை. என் மாணவன் ஒருவன் தன் பாட்டிக்குக் கடிதம் எழுதும் பயிற்சியில், “கோடை விடுமுறையில் நாங்கள் அடிக்கடி ஊருக்கு வருகிறோம்” என்று எழுதியிருந்தான். இத்தொடரில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. எனினும், இதைப் படிக்கும் பாட்டி என்ன நினைப்பார்? ஆண்டுக்கு ஒருமுறை வந்து பத்து நாள் தங்கிச் செல்லும் பேரன், ஒரே விடுமுறையில் பலமுறை வந்து போவதாக எழுதுகிறானே என்று திகைப்பார். “இதுதான் உங்களுக்கு அடிக்கடியா?” என்று வருந்தவும் கூடும். அவன் சொல்ல விரும்பியதோ வேறு. பத்துக் கோடை விடுமுறைகளில் ஏழெட்டில் ஊருக்கு வந்துவிடுகிறோம் என்பதே அவன் கருத்து. அதற்கு உரிய தமிழ், “கோடை விடுமுறையில் பெரும்பாலும் ஊருக்கு வந்துவிடுகிறோம்” என்பதாகும்.

ஆங்கிலச் சொல் ஒன்று. அது செய்யும் பணிகளோ இரண்டு. தமிழ் அவ்விரண்டு பணிகளையும் இரண்டு சொற்களுக்குப் பகிர்ந்து அளித்திருக்கிறது. ‘அடிக்கடி’ என்பது அடிக்கு அடி. நடக்கும்போது ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடைவெளி சிறிதாக இருப்பது போல, ஒரு செயல் குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் நிகழ்வதை அது குறிக்கும். ‘தம்பி அடிக்கடி தண்ணீர் குடிக்கிறான்’ என்பது இதற்குச் சான்று. ‘பெரும்பாலும்’ என்பதில் உள்ள ‘பால்’ என்பதற்குப் பகுதி என்று பொருள். மொத்தத்தில் பெரிய பகுதி எது என்பதைக் காட்டும் சொல் அது. ‘யானைகள் பெரும்பாலும் கூட்டமாக வாழும்’ என்கிறோம். அங்கே ‘அடிக்கடி’ என்று எழுதினால், யானைகள் காலையில் கூடி நண்பகலில் பிரிந்து மாலையில் மறுபடியும் கூடுவது போன்ற பொருள் வந்துவிடும்!

உங்களுள் பலர் இந்தி அறிந்தவர்கள். அம்மொழியில் உள்ள ‘அக்ஸர்’ என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் ‘மிகுதி’. அச்சொல்லும் ஆங்கிலச் சொல்லைப் போலவே இரண்டு பொருளையும் சுமக்கும். ஆகவே, ஆங்கிலத்திலோ இந்தியிலோ நினைத்துவிட்டுத் தமிழில் எழுதும்போது, ஒரு நொடி நின்று கேளுங்கள்: இடைவெளி குறைவு என்று சொல்ல வருகிறோமா? பெரும்பகுதி என்று சொல்ல வருகிறோமா? விடை தெரிந்தால் சொல் தானே வந்து நிற்கும்.

கேள்வியாகக் கேட்கும்போதும் கவனம் வேண்டும். ‘எவ்வளவு அடிக்கடி?’ என்று தமிழில் கேட்பது இயல்பன்று. ‘எத்தனை நாளைக்கு ஒருமுறை?’, ‘எத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை?’ என்றே கேட்கிறோம். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை ‘அடிக்கடி’ உட்கொள்ளச் சொன்னால் தீங்கு நேரலாம். ‘எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை’ என்றால் ஐயத்திற்கு இடமில்லை. ‘அடிக்கடி’ என்பது எண்ணிக்கை கூறாத சொல். தில்லி மெட்ரோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை வருவதால் அதை அடிக்கடி வருகிறது என்கிறோம். அங்கிருந்து சென்னைக்கு நாள்தோறும் புறப்படும் தமிழ்நாடு விரைவு வண்டியை அவ்வாறு சொல்வதில்லை. கும்பகோணத்தில் 2016ஆம் ஆண்டு நடைபெற்ற மகாமகமோ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. நாள்தோறும், வாரந்தோறும், ஆண்டுதோறும், அவ்வப்போது, எப்போதாவது, அரிதாக எனத் தமிழில் படிப்படியாகச் சொற்கள் இருக்கின்றன.

ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. ஊரில் இருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நம்மைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி நம் சொற்களால் தெரிவதே. “அடிக்கடி பேசுகிறேன்” என்று தொலைபேசியில் நாம் சொல்கிறோம். மாதம் ஒருமுறை பேசுவதையே நாம் அடிக்கடி என்று எண்ணியிருக்கலாம். கேட்டவர்களோ அடிக்கு அடி என்று எடுத்துக்கொண்டு, நாள்தோறும் மணி ஒலிக்குமா என்று காத்திருப்பார்கள். “ஞாயிறுதோறும் பேசுகிறேன், பாட்டி” என்று சொல்லிப் பாருங்கள். அச்சொல் சிறிய வாக்குறுதிதான். ஆனால் அதை நீங்களும் காப்பாற்றலாம், அவரும் நாளை எண்ணிக்கொண்டு மகிழ்ச்சியாக இருக்கலாம்.