கண்ணில் போனதாகச் சொன்னேன்

ராணுவம் என்னைக் கண்ணுக்காகக் கழிக்கவில்லை. உறவிலும் ஊரிலும் நான் பாடம் நடத்தும் கல்லூரியிலும் அப்படித்தான் இத்தனை காலமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். “ஆபீசர் செலக்‌ஷன்ல பாஸ், மெடிக்கல்ல கண் பவரால போச்சு” என்பது நான் கட்டிய கதை. உண்மையில் மெடிக்கல் வரைக்கும் நான் போகவே இல்லை. பெங்களூருவில் நடந்த எஸ்எஸ்பி என்ற ஆபீசர் தேர்வில் கடைசி நாள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். தோற்றதில் எனக்கு இன்று வெட்கம் இல்லை. ஆனால் அந்தத் தோல்வியை மூடி மறைக்கச் சொன்ன பொய்யைக் காப்பாற்ற, என்னிடம் வழி கேட்டு வந்த ஒரு மாணவியை வழியிலேயே நிறுத்தினேன். அதற்குத்தான் இந்த வாக்குமூலம்.

எங்கள் பக்கத்துக்குப் பட்டாளம் புதிதில்லை. வேலூரை ஒட்டிய கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லையென்றாலும் தெருவுக்கு இரண்டு பேராவது பட்டாளத்துக்காரர் உண்டு. சிப்பாய், நாயக், ஹவில்தார், மிஞ்சினால் சுபேதார். ஆபீசர் மட்டும் யாரும் கிடையாது. லீவில் வருகிறவர்கள் சாப் சாப் என்று சொல்லும் அந்த ஆபீசருக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். நாற்பது வயது ஹவில்தார் அவனைப் பார்த்து விறைப்பாக நிற்பார். அந்தக் காட்சிதான் எனக்குள் ஊறிப்போயிருந்தது. தேசப்பற்று என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். நான் ஆசைப்பட்டது அந்த சல்யூட்டுக்கு.

பி.எஸ்சி. கடைசி வருடம், 2009இல், என்சிசி ஸ்பெஷல் என்ட்ரிக்கு விண்ணப்பம் போட்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பட்டதாரிகள் ஆபீசராகப் போக யுபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை சிடிஎஸ் தேர்வு நடத்துகிறது. என்சிசியில் ‘சி’ சர்ட்டிபிகேட்டை ‘பி’ கிரேடுக்குக் குறையாமல் வாங்கி, டிகிரியில் 50 சதவீதமும் வைத்திருந்தால் அந்த எழுத்துத் தேர்வே வேண்டாம்; நேராக எஸ்எஸ்பி. கடைசி வருடம் படிக்கிறவர்களும் போடலாம். தேறினால் சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏ என்ற ஆபீசர் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி, முடித்து வெளியே வரும்போது தோளில் லெப்டினன்டுக்குரிய இரண்டு நட்சத்திரம். கிராமத்துக் கல்லூரிப் பையனுக்கு இதைவிட நல்ல கதவு எதுவும் திறந்ததில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கால் லெட்டர் வந்தது. சர்க்கரை ஆலையில் பாய்லர் பகுதியில் ஹெல்பராக இருந்த அப்பா அதை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். ஆலை கேன்டீனில் அதைப் பார்க்காதவர்கள் யாருமில்லை.

நான் ஒரு கோச்சிங் வகுப்பில் சேர்ந்தேன். எந்தப் படத்துக்கு எந்தக் கதை, எந்தச் சொல்லுக்கு எந்த வாக்கியம் என்று அங்கே தயாராக வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேண்டும் என்று வாங்கிக்கொண்டது நான்.

எஸ்எஸ்பி மொத்தம் ஐந்து நாள். முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே பாதிக்கு மேல் மூட்டை கட்டினார்கள், நான் தப்பினேன். மிஞ்சியவர்களுக்கு மார்பில் கட்டிக்கொள்ள நம்பர் போட்ட துணி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். மனவியல் தேர்வில் ஒவ்வொரு படமும் முப்பது வினாடி திரையில் நிற்கும். நான்கு நிமிடத்தில் அதற்குக் கதை எழுத வேண்டும். மங்கலான படங்கள். யாரோ ஒருவன் ஜன்னலோரம் நிற்பான், யாரோ இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். பதினொரு படம் முடிந்து பன்னிரண்டாவது வெறும் வெள்ளைத் திரை. உனக்குத் தோன்றும் கதையை எழுது என்பதுதான் அது.

அந்த வெள்ளைத் திரைக்கு என்னிடம் உண்மையிலேயே ஒரு கதை இருந்தது. இரண்டாம் வருடம் படிக்கும்போது பாய்லரில் அப்பாவின் வலது கை வெந்து, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை. சாயங்காலம் திண்ணையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து டியூஷன் எடுத்து, அந்தப் பணத்தில் அரிசி வாங்கினோம். தங்கைக்குப் பரீட்சை பீஸ் கட்டினேன். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன். இதில் ஒரு வரி எழுதவில்லை. வெள்ளத்தில் சிக்கிய கிராமத்தை ஓர் இளைஞன் படகு கட்டிக் காப்பாற்றுகிற, வகுப்பில் கொடுத்த கதையை எழுதினேன். அந்த அறையிலேயே இன்னும் நாலைந்து பேர் அதே கிராமத்தைக் காப்பாற்றியிருப்பார்கள்.

நேர்முகத்துக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். அப்பா என்ன வேலை, என்ன வருமானம், என்ன விளையாட்டு, என்ன பொழுதுபோக்கு. அப்பாவை சூப்பர்வைசர் ஆக்கினேன். பொழுதுபோக்கு மலையேற்றம் என்று போட்டேன். நேர்முகம் நடத்திய அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. எந்த மலை, எத்தனை பேர் போனீர்கள், தண்ணீருக்கு என்ன செய்தீர்கள், ராத்திரி எங்கே தங்கினீர்கள் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். மூன்றாவது கேள்வியிலேயே நான் உளற ஆரம்பித்தேன். பிறகு, வீட்டில் கஷ்டமான நேரம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். அவராகவே கதவைத் திறந்துவிட்டார் என்று இப்போது புரிகிறது. “அப்படி ஒன்றும் இல்லை சார்” என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மனவியலாளர், மைதானத்தில் குழுவைக் கவனிக்கிற ஜிடிஓ, நேர்முக அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். கடைசி நாள் கான்பரன்ஸில்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்தில் ஒருவன், பேச்சில் ஒருவன், கயிற்றையும் பலகையையும் கையில் கொடுத்தால் இன்னொருவன் என்று இருந்தால் அங்கே தெரிந்துவிடும். என்னில் மூன்று பேர் இருந்தார்கள். என்னைத் தேர்வு செய்யாதது சரியான முடிவு. நான் சொன்னதை நம்பி முப்பது சிப்பாய்கள் ஒரு மேட்டில் ஏற வேண்டியிருக்கும் என்பதை நினைத்தால் அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தேறியவர்களின் நம்பரை மட்டும் படித்தார்கள். இரண்டே நம்பர். அந்த இருவரையும் மெடிக்கலுக்கு இருக்கச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு ரயில் கட்டணத்தைக் கையில் கொடுத்து வண்டி ஏற்றினார்கள். இருவரில் ஒருவன் கண்ணாடி போட்டவன்.

காட்பாடியில் அப்பா டிவிஎஸ் பிப்டியோடு நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் முகம் என் முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. “இன்னாச்சுப்பா?” என்றார். “எல்லாம் முடிஞ்சிதுப்பா. கண்ணுலதான் போச்சு” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன உடனே அதன் சௌகரியம் தெரிந்துவிட்டது. மெடிக்கலுக்கு அனுப்புவதே தேறியவர்களைத்தான். ஆகவே கண்ணில் போனது என்றால் மற்ற எல்லாவற்றிலும் ஜெயித்தவன் என்று அர்த்தம். ஒரு பொய்யில் இரண்டாவது பொய்யும் சேர்ந்தே வந்தது. அப்பா என் தோளைத் தட்டி, “கண்ணுக்கு நீ இன்னா பண்ணுவ” என்றார். அம்மா அன்றிலிருந்து வாரம் தவறாமல் பொன்னாங்கண்ணிக் கீரை சமைக்கிறார். அப்பா அந்தக் கதையை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். அவர் மட்டும் ஒருநாள் கேட்டார்: “அப்பீல் போட்லியா தம்பி?” மெடிக்கலில் கழித்தால் 42 நாளுக்குள் அப்பீல் மெடிக்கல் போர்டுக்குப் போகலாம், அதிலும் போனால் ரிவ்யூ என்று இருக்கிறது. “போட்டேன், அதுலயும் அதேதான்” என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

படிப்பை முடித்துக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது கதையும் கூடவே வந்தது. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் மேஜர் முகுந்த் வரதராஜன் உயிரைக் கொடுத்தார். ராஜபுத்திர ரெஜிமென்ட்காரர், 44 ராஷ்ட்ரீய ரைபிள்ஸில் இருந்தார். பின்னால் அசோக சக்ரா அறிவிக்கப்பட்டது. எங்கள் கல்லூரியில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அவர் நான் நுழைய முடியாத அதே பரங்கிமலை அகாடமியில் பயிற்சி பெற்றவர். என்னை மேடையேற்றி, “அந்த வாசல்வரை போய், கண்ணால் திரும்பியவர்” என்று அறிமுகம் செய்தார்கள். நான் மறுக்கவில்லை. மாலை போட்ட அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று, எனக்கும் அந்தக் கனவு இருந்தது என்று பேசினேன், கைதட்டல் வாங்கினேன். என் பொய்களில் அதை நினைக்கத்தான் உடம்பு கூசுகிறது.

ஆனாலும் அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. 2018இல் நடந்தது அப்படியல்ல.

அந்த மாணவி என்சிசி கேடட். ‘சி’ சர்ட்டிபிகேட்டில் ‘ஏ’ கிரேடு. கேம்ப்களில் துப்பாக்கி சுடுவதில் பையன்களுக்கே பாடம் சொன்னவள். கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது சார் என்று நிமிர்ந்து நின்று சொல்வாள். எனக்கு வராத அந்தக் குணம்தான் எஸ்எஸ்பியில் தேடுவது. ஒரு மத்தியானம் துறை அறைக்கு வந்து, ஸ்பெஷல் என்ட்ரி நோட்டிபிகேஷன் வந்திருக்கிறது, போடலாமா என்று கேட்டாள்.

“எனக்கு மைனஸ் ரெண்டு சார். எடுப்பாங்களா சார்?”

மைனஸ் மூன்றரை வரைக்கும் அந்த என்ட்ரிக்குத் தடையில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். பெங்களூருவில் என் கண் முன்னாலேயே ஒரு கண்ணாடிக்காரனை மெடிக்கலுக்கு இருக்கச் சொன்னார்கள். ஆனால் என் பவர் மைனஸ் ஒன்றரை. இவள் போய்த் தேறிவிட்டால், மைனஸ் ரெண்டை எடுத்தவர்கள் மைனஸ் ஒன்றரையை ஏன் விட்டார்கள் என்று யாராவது ஒருவர் கேட்பார். இந்தக் கணக்கைப் போட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“கஷ்டம்மா. எனக்கே அதுலதானே போச்சு. வீணா அலையாத, பி.எட். போட்டுடு.”

“சரிங்க சார்” என்று போய்விட்டாள். பெண்களுக்கு அந்த என்ட்ரியில் ஒரு சில இடம்தான், எப்படியும் கிடைத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கிடைத்திருக்குமா என்பது பெங்களூருவிலோ போபாலிலோ உட்கார்ந்திருப்பவர்கள் தீர்மானிக்க வேண்டியது. அதை நான் தீர்மானித்தேன். அந்த என்ட்ரிக்கு வயது வரம்பு 25. அது அவளுக்குத் தாண்டிவிட்டது.

போன வருடம் எங்கள் மாணவன் ஒருவன் தேறினான். ஜாயினிங் லெட்டரோடு இனிப்பு கொடுக்க வந்தான், கண்ணாடி போட்டிருந்தான். சக ஆசிரியர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “கண்ணாடி போட்டவனை எடுத்துட்டாங்களே சார்?” என்றார். சூதில்லாத கேள்வி. “இப்ப ரூல் மாறிடுச்சு” என்றேன். வயது ஏறி, பதவி ஏறி, வீட்டில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிற ஆள், காட்பாடி ஸ்டேஷனில் வந்த அதே வேகத்தில் இன்னொன்றைச் சொன்னேன். அந்தப் பையன் கையில் இருந்த இனிப்பையும் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அந்த மாணவியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன், எஸ்எஸ்பி, காட்பாடி, மைனஸ் மூன்றரை எல்லாம். குறுக்கிடாமல் கேட்டாள்.

“அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும்மா.”

“எங்கப்பா ஓகே சொல்லிட்டார் சார் அப்போ. பெங்களூருக்குக் கூட வர்றேன்னுகூடச் சொன்னார். நான்தான் போய், சார் வேணாங்கறாருன்னு சொன்னேன்.”

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. “ஏழாவது பீரியட் இருக்கு சார்” என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என்சிசி கேடட்களை உட்கார வைத்து, நான் எதில் போனேன், ஏன் போனேன் என்று சொல்லியிருக்கிறேன். கண்ணாடி பற்றிய விதியையும் போர்டில் எழுதிப் போட்டேன். சக ஆசிரியர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. இரண்டு பேர் அதற்குப் பிறகு என்னிடம் முன்பு போல் பேசுவதில்லை, அது அவர்கள் உரிமை. அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இது அச்சேறுவதற்குள் ஊருக்குப் போய் நேரில் சொல்லிவிடுவேன். அக்கம்பக்கத்தார் படித்துச் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது.