குனிய முடியாத ஆள்

1998-ல் எங்க பக்கத்துத் தோழர்கள் போட்ட ஒரு துண்டறிக்கையில் எங்கப்பாவைப் பற்றி நாலு வரி வந்தது. ‘வளையாத முதுகெலும்பு’ என்று தலைப்பு. ஊர்க் கூட்டத்தின் நடுவில், காலில் விழுடா என்று சொன்னபோது விழ மறுத்து நின்ற கிழவர் என்று எழுதியிருந்தார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்து மூணு வயசுதான். கிழவர் என்று எழுதியதில் தப்பில்லை, பார்த்தால் எழுபது சொல்லலாம்.

அவருக்கு எழுத்து தெரியாது. தம்பி வாசித்துக் காட்டினான். கேட்டுவிட்டு, “வளையலன்னு எழுதிட்டானுங்களா? வளைஞ்சா நல்லாருக்கும்டா. வெளிக்கிப் போனா உக்கார முடியல” என்றார்.

அந்த நாலு வரிக்கும் அவர் சொன்ன இந்த வார்த்தைக்கும் நடுவில் கிடப்பதை எழுத வேண்டுமென்று ரொம்ப நாளாய் நினைப்பு.

எங்க ஊர் தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஒகேனக்கல். காவிரி பாறையில் விழுந்து புகையாய்க் கிளம்புவதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனம் வரும். நாங்கள் குடித்தது பாறைக்குள்ளே கிடந்த தண்ணீர். அதற்கு முன்னே சேரிக்கென்று ஒரு கிணறு இருந்தது. 1982, 83 பஞ்சத்தில் அது வற்றிப்போனது. ஊர்க் கிணறு ஏரிக்கரைக்குக் கீழே, வற்றவில்லை. எங்க அம்மாவும் அக்காவும் குடத்தை வைத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். யாராவது மனசு வைத்து இறைத்து ஊற்றினால் உண்டு. ஊற்றும்போது குடத்தில் வாளி பட்டுவிடக் கூடாது என்பதற்காக உயரத் தூக்கி ஊற்றுவார்களாம். பாதி மண்ணுக்குப் போகும்.

83-ல் ரிக் வண்டி வந்தது. இரண்டு ராத்திரி பாறையைக் குடைந்தார்கள். காலனிக்கு இந்தியா மார்க் 2 அடிபம்பு நட்டார்கள். எங்க அம்மா பம்புக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அப்போது ஆறு வயசு. நிலக்காரருக்கும் சந்தோஷம்தான். “இனி ஊர்க் கிணத்துப் பக்கம் வர்ற வேல இல்லல்ல” என்று எங்கப்பாவிடம் சொன்னாராம். தண்ணீர்ப் பிரச்சினை இப்படித்தான் எங்க ஊரில் தீர்ந்தது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.

மழைத் தண்ணீர் இறங்குகிற திறந்த கிணற்றில் ஃபுளோரைடு பெரும்பாலும் குறைவு. ஆழத்துப் பாறையிடுக்கில் வருஷக்கணக்காய்க் கிடக்கிற தண்ணீர் கல்லிலிருந்து அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். நிறமில்லை, வாசமில்லை, காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். இது பாறையின் குணம், சாதியின் குணம் இல்லை. ஆனால் ஏரிக்குக் கீழே யாருடைய கிணறு, கல்லாங்குத்து மேட்டில் யாருடைய குடியிருப்பு என்பதைப் பாறை தீர்மானிக்கவில்லை. ஊரில் போர் போட்டுக் குடித்தவர்களிலும் சிலருக்கு இந்த நோய் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டில் பாலும் மோரும் இருந்தது. வெயிலில் நாள் முழுக்கக் களை வெட்டுகிறவன் குடிக்கிற அளவுக்கு நிழலில் இருக்கிறவன் தண்ணீர் குடிப்பதும் இல்லை. குடிக்கிற ஒவ்வொரு சொம்பும் எலும்பில் கணக்காகிறது.

எங்க வீட்டுப் பல்லைப் பார்த்தே போர் போட்ட வருஷத்தைச் சொல்லிவிடலாம். பல் எனாமல் ஏறக்குறைய எட்டு வயசுக்குள் உருவாகிவிடும், அந்த வயசில் குடிக்கிற தண்ணீர்தான் பல்லில் எழுதும். பம்பு வந்தபோது அக்காவுக்குப் பதினாலு வயசு, அவளுக்குப் பல் வெள்ளை. எனக்கு அங்கங்கே கோடு. 84-ல் பிறந்த தம்பிக்கு முழுசும் பழுப்பு. பள்ளிக்கூடத்தில் “காலனிப் பல்லு” என்று ஒரு பேரே உண்டு. பல்லே விளக்காத ஜாதி என்று ஒரு வாத்தியார் வகுப்பில் சொன்னார். தம்பி சாம்பலும் செங்கல்பொடியும் வைத்து ஈறு கிழிகிற வரைக்கும் தேய்ப்பான்.

பல்லுக்கு ஐந்தாறு வருஷம் போதும். எலும்புக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். எங்கப்பாவுக்கு 94 வாக்கில் கழுத்தில் ஆரம்பித்தது. கூப்பிட்டால் தலை திரும்பாது, ஆளே முழுசாய்த் திரும்புவார். அப்புறம் இடுப்பு. அப்புறம் தோள். காலையில் பாயிலிருந்து எழுந்திருக்க அம்மா முதுகுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கணும். பார்த்தவர்கள் எல்லாரும் வாதம் என்றார்கள். எண்ணெய் போட்டோம், ஊசி போட்டோம், பத்தியம் இருந்தோம். ஆட்டுக்கால் சூப்பு குடிக்கச் சொன்னார் ஒரு வைத்தியர், ஆட்டுக்கு எங்கே போவது.

97-ல் ஓர் அரசு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருத்தர் மூன்று காரியம் செய்யச் சொன்னார். முட்டி மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடு. தாடையை நெஞ்சில் வை. கையைத் தூக்கிப் பின்னந்தலையைத் தொடு. எங்கப்பா மூன்றும் செய்ய முடியாமல் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். விளக்கில் வைத்து அந்த டாக்டர் காட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதுகெலும்பு சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளையாய் இருந்தது. எலும்பை எலும்போடு கட்டியிருக்கிற நார் எல்லாம் கல்லாகி, தனித்தனியாய் அசைய வேண்டிய கணுவெல்லாம் ஒரே கம்பமாய் நின்றது. முன்னங்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவில் முள்ளு முளைத்தமாதிரி இருந்தது. “இது வாதமில்லங்க, தண்ணி. மருந்து கெடையாது. தண்ணிய மாத்துங்க” என்றார். எந்தத் தண்ணிக்கு மாத்துவது என்று எங்கப்பா கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார்.

கூலிக்காரனுக்கு மூட்டுதான் நிலம். களை பறிப்பது, நாற்று நடுவது, கடலைக்கொடி பிடுங்குவது எல்லாம் குந்துகிற வேலை, குனிகிற வேலை. அடுப்பும் கக்கூசும்கூட நம்ம வீடுகளில் குந்தித்தான். இடுப்பு மடங்காதவனுக்குக் கூலி இல்லை. எங்கப்பாவுக்கு மிச்சமிருந்தது பறை. தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி அடிக்கலாம், மணிக்கட்டு மட்டும் இன்னும் ஓடியது.

அந்தப் பறையில்தான் வந்தது வினை. 98-ல் ஊர் மாரியம்மன் பண்டிகை முடிந்து கூலி கொடுக்கிற நேரம். கூலியைக் கையில் கொடுக்க மாட்டார்கள், தரையில் போடுவார்கள். குனிந்து பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளணும். எங்கப்பா நின்றபடியே, “கையில குடுங்க சாமி, குனிய முடியல” என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதிலே முதல் பாதி மட்டும்தான் அங்கே இருந்தவர்கள் காதில் விழுந்தது. கையில குடு என்று ஒரு பறையன் கேட்டுவிட்டான். பையன் காலேஜ் படிக்கிற திமிர் என்றார்கள். ஒரு வருஷமாகவே இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான், துண்டைக் கக்கத்தில் இடுக்குவதில்லை, தலையைத் தாழ்த்துவதில்லை என்று ஆளுக்கொரு சாட்சி சொன்னார்கள். எல்லாம் நிஜம். தோள் இறுகியவன் கக்கத்தில் எதை இடுக்குவான்?

காலில் விழு என்றார்கள். அவர் நின்றார். இரண்டு பேர் வந்து பிடரியில் கைவைத்து அழுத்தினார்கள். வெட்டின மரம்மாதிரி அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். அந்தச் சத்தத்தை அக்கா இன்றைக்கும் சொல்லுவாள், நான் அன்றைக்கு ஊரில் இல்லை. இரண்டு மாசம் படுக்கை.

தோழர்கள் வந்தார்கள். அவர்கள் வராமல் போயிருந்தால் புகாரைக்கூட வாங்கியிருக்க மாட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். 1989 வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. துண்டறிக்கை அப்போது வந்ததுதான். வழக்கு ஐந்து வருஷம் இழுத்தது. எக்ஸ்ரேயைக் கோர்ட்டில் எடுத்து நீட்டியது யார் தெரியுமா? எதிர்த்தரப்பு வக்கீல். இந்த ஆளுக்கு ஏற்கனவே முதுகு இறுகிய நோய், தானாய் நிலை தடுமாறி விழுந்தார், யாரும் தொடவில்லை என்றார். துண்டறிக்கையையும் காட்டி, நோயாளி ஒருத்தரை வீரராக்கி அரசியல் செய்கிறார்கள் என்றார். ஊரில் எங்களுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் மாறிவிட்டார்கள். 2003-ல் விடுதலை.

நோயைத் தோழர்கள் எழுதவில்லை, எதிரி எழுதிக்கொண்டான். நோய் என்று சொன்னால் போராட்டத்தின் வீரியம் குறைந்துவிடும் என்று தோன்றியிருக்கலாம். இறுகிப்போன முதுகில் கைவைத்து அழுத்துவது சாதாரண முதுகில் அழுத்துவதைவிடப் பெரிய கொடுமை இல்லையா? அதை வாதாட நம்ம தரப்பில் ஆள் இல்லை. நிமிர்ந்து நில், வளையாதே, தலைகுனியாதே என்று நம்ம மேடைகளில் பேசாத நாள் கிடையாது. பேச வேண்டியதுதான். எங்க காலனியில் அதைக் கேட்க வருகிறவர்களில் குனிய முடியாதவர்கள் ஏழெட்டுப் பேர், நிமிர முடியாமல் கூனிப்போனவர்கள் அதே அளவு.

நான் ஒருநாள் கேட்டேன், “முடிஞ்சிருந்தா விழுந்திருப்பியாப்பா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “முன்னெல்லாம் விழுந்திருக்கன்டா. அன்னிக்கும் விழுந்து தொலைக்கலாம்னுதான் பாத்தன், ஒடம்பு கேக்கல. அப்பறம் கீழ கெடக்கறப்ப நெனச்சன், நல்லவேள கேக்கலன்னு.”

இதை எந்தத் துண்டறிக்கையில் எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

தண்ணீர் எங்களுக்கு மறுக்கப்பட்டதைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். 1927-ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அள்ளியது நமக்கெல்லாம் மனப்பாடம். கொடுக்கப்பட்ட தண்ணீரைப் பற்றி எழுதியது குறைவு. பொதுவில் பங்கு கேட்டவனுக்குத் தனியாய் ஒன்றைக் கொடுத்து ஒதுக்கினார்கள். அந்தத் தனியில் என்ன கலந்திருக்கிறது என்று சோதிக்கவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் காலனித் தொட்டியில் மலத்தைக் கலந்தது வெளியே தெரிந்தது, நாடே பேசியது. பாறை கலந்ததற்கு நாற்றம் இல்லை.

இது தெரியாமல் நடந்ததும் இல்லை. சென்னை மாகாணத்தில் ஃபுளோரைடு நோய் இருப்பதை ஷார்ட் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1937-லேயே எழுதிவிட்டார்கள். நெல்லூர்ப் பக்கத்தில் உழவு மாடுகளுக்கு மூட்டு இறுகிப் படுத்தால் எழ முடியாமல் போனதைக் குடியானவர்கள்தான் முதலில் கவனித்தார்கள் என்று சொல்வார்கள். அதற்கு 46 வருஷம் கழித்து எங்க பம்பை நட்டார்கள். தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்பது அரசாங்கமே வைத்த அளவு. அதை அளந்து பார்க்க ஆள் வந்தது 2000-க்கு அப்புறம். வந்தவர்கள் பம்பில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். வேறு பம்பு இல்லை. ஆறேழு வருஷம் பெருக்கல் குறியிலேயே தண்ணீர் அடித்துக் குடித்தோம்.

ஊனச் சான்றிதழுக்கும் அலைந்தோம். நாற்பது சதவீதம் இருந்தால்தான் கணக்கு. “கை கால் எல்லாம் முழுசாத்தான இருக்கு” என்று ஒரு மேசையில் திருப்பி அனுப்பினார்கள். எங்கப்பா பதில் பேசவில்லை, வணக்கம் சொல்லக் கையைக் கூப்பப் பார்த்தார். கை நெஞ்சுவரை வரவில்லை.

அம்மாவைப் பற்றி யாரும் ஒரு வரியும் எழுதவில்லை. அவளுக்கும் இடுப்பு இறுகியதுதான். குடம் இடுப்பில் நிற்காது, தலைக்கு ஏற்றக் கை போகாது. அரைக்குடமாய் வாளியில் தூக்கி நாலு நடை நடந்தாள். அவள் யார் முன்னாலும் விழ மறுக்கிற சந்தர்ப்பம் வரவில்லை, அதனால் அவளுக்குத் தலைப்பு இல்லை.

2011-ல் எங்கப்பா செத்தார். கடைசி மூணு வருஷத்தில் இடுப்பும் முட்டியும் மடங்கின நிலையிலேயே இறுகிவிட்டது. பாடையில் மல்லாக்கப் போட்டால் தலை ஒரு முழம் தூக்கிக்கொண்டு நின்றது. முட்டியை உடைத்துத்தான் நீட்டணும் என்றார் ஒருத்தர். அக்கா விடவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கட்டினோம். குழியை அகலமாய் வெட்டச் சொன்னோம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2013-ல் திறந்தார்கள். ஜப்பான் கடனில் கட்டியது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற வார்த்தை இருக்கிறது, எங்க நோய்க்கு அரசாங்கம் வைத்த ஒரே மரியாதை. நல்ல திட்டம்தான், அதற்காகச் சண்டை போட்டவர்களையெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டும். காலனிப் பிள்ளைகளுக்கு இப்போது பல் வெள்ளையாய் முளைக்கிறது. குழாய் எங்க தெருவுக்குக் கடைசியில் வருகிறது. எங்கேயாவது உடைந்தால் ஒரு வாரம் வராது. கேன் வாங்கக் காசிருப்பவர்கள் வாங்குகிறார்கள். மற்றவர்களுக்குப் பழைய பம்பு இருக்கிறது. சிவப்புப் பெயிண்டு உரிந்துபோய்விட்டது.

தம்பி பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி வேறு பக்கம் பார்த்து நின்றவனைப் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பையைக் கீழே வைத்துவிட்டு, காலை மாற்றி வைத்து, முழு ஆளாய்த் திரும்பினான்.