தண்ணீரும் அதன் தம்பியும்

கொதிநிலை அட்டவணை என்றாலே எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். எனக்கு அதில் நாலே நாலு வரி மட்டும் ரொம்பப் பிடிக்கும்.

தண்ணீர் 100 டிகிரி. ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60. ஹைட்ரஜன் செலினைடு மைனஸ் 41. ஹைட்ரஜன் டெல்லூரைடு மைனஸ் 2. (எல்லாம் செல்சியஸ்.)

நாலும் ஒரே குடும்பம். இரண்டு ஹைட்ரஜன் அணு, நடுவில் ஆக்சிஜனோ, கந்தகமோ, செலினியமோ, டெல்லூரியமோ. கடைசி மூன்றைப் பாருங்கள், எடை ஏற ஏற கொதிநிலையும் ஒழுங்காக ஏறுகிறது. அந்தக் கணக்குப்படி, எல்லாவற்றையும்விட லேசான தண்ணீர் மைனஸ் 60க்கும் கீழேயே கொதித்திருக்க வேண்டும். குடிக்க ஒரு சொட்டு மிஞ்சியிருக்காது!

ஏன் அப்படி நடக்கவில்லை? ஹைட்ரஜன் பிணைப்புதான் காரணம். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுத்துக்கொள்கிறது. அதனால் பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜன் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறு இப்படி நாலு பேரோடு கைகோர்க்கலாம். அந்தப் பிடியை உதறிவிட்டு வெளியேறத்தான் 100 டிகிரி தேவைப்படுகிறது. கந்தகத்துக்கு அவ்வளவு இழுவை கிடையாது. அதனால் ஹைட்ரஜன் சல்பைடு சாதாரண வெப்பநிலையிலேயே வாயு.

இதை இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இந்த வாயு எங்கே இருக்கிறது தெரியுமா? பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும், கழிவு அழுகும்போது உண்டாகிறது. காற்றைவிடக் கனம் என்பதால் குழிக்குள்ளேயே தங்கிவிடும். அழுகிய முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பவும் முடியாது. அளவு அதிகமானால் மூக்கே மரத்துப்போய்விடும்.

"விஷவாயு தாக்கி" என்று செய்தியில் படிக்கிறோமே, பல நேரம் அது இதுதான். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் இறக்குவது நிற்கவில்லை, சாவும் நிற்கவில்லை.

மைனஸ் 60 என்பதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் நாம்தான் நாளைக்கு இன்ஜினியர் ஆகப்போகிறோம், வீடு கட்டப்போகிறோம். நம் வீட்டு செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால், ஆளை உள்ளே இறக்காமல் கழிவுநீர் லாரியைக் கூப்பிடுவோம். வீட்டில் பெரியவர்கள் "அவனுக்குப் பழக்கம்தான், இறங்கட்டும்" என்று சொன்னால், இந்த நாலு வரியையும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.