மாட வீதி, திருக்கழுக்குன்றம்

அக்டோபர் 12, ஞாயிறு
பக்கத்து வீட்டை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விடிந்ததும் ஓடு இறக்கினார்கள். இறக்கினார்களா, வீசினார்கள். அத்தனையும் நாட்டு ஓடு. தொண்டையெல்லாம் புழுதி. ராத்திரி சோறு இறங்கவில்லை.

13, திங்கள்
திண்ணை இன்னும் இருக்கிறது. மேஸ்திரியைக் கேட்டேன். "பொதுச் சுவரைத் தொட மாட்டோம்மா." பெரியவன் போனில், நாமும் கொடுத்துவிட்டுத் தாம்பரத்தில் ஃப்ளாட் வாங்கலாம் என்றான். கொடுத்துத் தொலைக்கலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. இருமல்.

15, புதன்
புழுதி தாங்காமல் மலைக்குப் போனேன். முட்டி வலி. ஒருகல் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டேன். பல்லவர் குடைந்த கல்லில், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் பெயர் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சின்ன வயதில் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். இன்றைக்குக் கோபம் வந்தது.
மலையிலிருந்து ஊர் முழுக்கத் தெரிகிறது. நடுவில் பக்தவத்சலேஸ்வரர் கோயில், சுற்றி மாட வீதி, தோளோடு தோள் ஒட்டின வீடுகள். ஓட்டுச் சிவப்பைவிடத் தண்ணீர்த் தொட்டிக் கறுப்புதான் அதிகம்.
இறங்கி வந்தேன். திண்ணை இருக்கிறது.

16, வியாழன்
திண்ணை போய்விட்டது.
கடப்பாரை ஒவ்வொன்றும் வயிற்றில் இறங்கின மாதிரி இருந்தது. வீதி நெடுக எல்லாத் திண்ணையும் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசை. தேர் வரும்போது ஜனம் ஏறி நிற்கிற இடம். புதுத் தூணுக்கு அந்த நூலைத் தாண்டிக் குழி வெட்டியிருக்கிறார்கள். கேட்டேன். "அளந்துதாம்மா போட்டோம்." எதை அளந்தார்கள்?

18, சனி
மழை. பொதுச் சுவரின் அந்தப் பக்கத்தை இன்றுதான் பார்த்தேன். நீலச் சுண்ணாம்பு, விளக்கு மாடம், அதில் எண்ணெய்க் கரி, ஒரு காலண்டர் ஆணி. உத்திரத்தை உருவின பொந்துகளில் தண்ணீர் இறங்குகிறது. இத்தனை வருஷம் கூரைக்குள் இருந்த சுவர்.

20, தீபாவளி
எண்ணெய் தேய்த்துக்கொள்ள மனசில்லை. பிள்ளைகள் எங்கள் திண்ணையில் வந்து வெடி வைத்தார்கள். திட்டவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

22, புதன்
விடாத மழை. கூடத்துச் சுவர் ஓதம் காத்து, உள்ளங்கை வைத்தால் சில்லென்கிறது. காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. உள்ளே மெல்லிய பழைய செங்கல். விற்றுவிடலாம். இந்த வயதில் யாரோடு மல்லுக்கட்டுவது?

24, வெள்ளி
மேஸ்திரி சிமென்ட் பூசித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். சிமென்ட் போட்டால் ஓதம் வெளியே வர வழியில்லாமல் செங்கல் உள்ளுக்குள்ளேயே உதிரும். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், அப்பா காலத்துப் பூச்சுதான் வேண்டும். பழைய கொத்தனார் ஒருவர் இருக்கிறாராம். மழையில் சுண்ணாம்பு இறுகாது, தையில்தான் முடியும் என்று சொல்லியனுப்பினார். அட்வான்ஸ் கொடுத்தனுப்பினேன். பெரியவனுக்குச் சொல்லவில்லை.
அதுவரை தார்ப்பாய். இங்கே கிடைப்பது சன்னம். நாளைக்கு முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போய்க் கனமானதாக வாங்க வேண்டும்.